லட்டுக்குத் தூக்க மாத்திரை வேண்டாம்

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். வீட்டில் லட்டு என்ற ஒன்பது வயது ஷீ சூ நாய், எடை 8.4 கிலோ, மிளகு என்ற நான்கு வயதுக் கறுப்புப் பூனை. என் கணவருக்கு லண்டனில் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரி கடைசி வாரம் கிளம்ப வேண்டும், கையில் நான்கு மாதம் இருக்கிறது. பொங்கலுக்கு இரண்டையும் மதுரைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்தே லண்டன் போய்விடலாம் என்பது என் மாமியாரின் ஆசை. வருடா வருடம் தவறாமல் தடுப்பூசி போட்டிருக்கிறோம். லட்டுக்குக் கூண்டும் இணையத்தில் வாங்கியாயிற்று: நீளம் 58, அகலம் 38, உயரம் 40 செ.மீ. லட்டுவை விமானத்தில் எங்கள் காலடியிலேயே வைத்துக்கொள்ள முடியுமா? முடியாதென்றால், வழி முழுக்கத் தூங்குவதற்கு என்ன மாத்திரை, எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உயிரோடு சம்பந்தப்பட்டது அது ஒன்றுதான். தூக்க மாத்திரை வேண்டாம். அரை மாத்திரையும் வேண்டாம்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இளைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்குகிறது. ஷீ சூ, பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு இனங்களுக்கு மூக்குத் துவாரம் குறுகல். தொண்டையின் பின்பக்கம் மெல்லிய அண்ணம் நீண்டு மூச்சுப்பாதையை மறைக்கும். பதற்றத்தில் வேகமாக இளைக்கும்போது அந்தத் திசு வீங்கும், பாதை இன்னும் குறுகும், சூடு இறங்காமல் ஏறும். இந்த நிலையில் மயக்க மருந்தும் சேர்ந்தால் தொண்டைத் தசை தளர்ந்துவிடும். பழைய வழக்கப்படி கொடுக்கப்படும் ஏசிப்ரோமசின் என்ற மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் வெப்பத்தைச் சமப்படுத்தும் திறனையும் கெடுக்கும். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். நாய் இருக்கும் சரக்கறையிலும் அதே அழுத்தம்தான். அரை மயக்கத்தில் இருக்கும் நாய், விமானம் குலுங்கும்போது காலை ஊன்றி நிற்காது. மூச்சு அடைக்கிற மாதிரி கழுத்து மடங்கினாலும் தலையைத் தூக்கிச் சரிசெய்துகொள்ளாது. பக்கத்தில் பார்க்க ஆள் கிடையாது. மயக்க மருந்து கொடுத்தது தெரிந்தால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்றவே மாட்டா.

மிளகுக்கும் இதே பதில்தான். பூனையை மருத்துவரிடம் கொண்டுபோகும் நாளில் பயம் தணியக் கபாபென்டின் கொடுப்பதுண்டு. அது கையில் தூக்கிப்போய்க் கையில் திரும்பக் கொண்டுவரும் பயணத்துக்கு. ஆள் இல்லாத சரக்கறைக்கு அல்ல.

மாத்திரைக்குப் பதில் லட்டுக்கு இப்போதே தொடங்க வேண்டிய மருந்து எடைக்குறைப்பு. 8.4 கிலோ அதற்கு அதிகம். கழுத்திலும் மார்பிலும் சேர்ந்த கொழுப்பு மூச்சுப்பாதையை வெளியிலிருந்து அழுத்துகிறது. வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம், அதாவது 80 கிராம் சொச்சம் குறைத்தால், 16 வாரத்தில் 7.2 கிலோ அளவுக்கு வந்துவிடும். உணவைக் கோப்பையால் அளக்காமல் சமையல் தராசில் கிராமாக நிறுத்துப் போடுங்கள். தாத்தா பாட்டி ஊட்டும் பிஸ்கட்டும் இட்லித் துண்டும் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். வீட்டு நாய்களின் எடை பெரும்பாலும் அங்கேதான் ஏறுகிறது.

இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி இதயம், மூக்குத் துவாரம், பல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பது வயது என்பதால் சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பது நல்லது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: லட்டு அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். நாலைந்து இரவு எண்ணியும் 30-க்கு மேலேயே இருந்தால் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் அதற்குக் காரணம் தெரிய வேண்டும். இன்னொன்று, சப்பை மூக்கு நாய்களை ஏற்றுவதே இல்லை என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. உங்கள் சீட்டுகளை வாங்கிவிட்டு நாய்க்கு இடம் கேட்காதீர்கள். நாய்க்கு இடம் உறுதியான விமானத்தில் நீங்கள் சீட்டு வாங்குங்கள்.

காலடியில் வைத்துக்கொள்ள முடியாது. விமானத்தில் பிரிட்டனுக்குள் வரும் நாயும் பூனையும், உதவி நாய்களைத் தவிர, சரக்காகப் பதிவாகி, அங்கீகரிக்கப்பட்ட தடங்களில்தான் வர வேண்டும். பாரிஸ் அல்லது ஆம்ஸ்டர்டாம் வரை பயணிகள் அறையில் கொண்டுபோய், அங்கிருந்து காரில் கடல் தாண்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பையோடு சேர்த்து 8 கிலோ என்பது பயணிகள் அறைக்குப் பல நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு. லட்டு இன்றைய எடையில் பை இல்லாமலேயே அதைத் தாண்டுகிறது. மேலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு சான்றிதழ், பிரிட்டனுக்கு ஒரு சான்றிதழ் என்று தாள் வேலை இரட்டிப்பாகும். சாங்கி விமான நிலையத்திலிருந்து நேரடி விமானம்தான் என் தேர்வு. அதிலும் இரவு விமானம். மேலே போனபின் சரக்கறையின் வெப்பநிலை கட்டுப்பாட்டில் இருக்கும். ஆபத்து இருப்பது ஓடுபாதை ஓரத்தில் கூண்டு காத்திருக்கும் அரைமணி நேரத்தில். சிங்கப்பூர் மதிய வெயிலில் அந்த அரைமணி நேரம் சப்பை மூக்கு நாய்க்குப் பெரிய சோதனை.

இனி மதுரை. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: பொங்கலுக்கு நீங்கள் போகலாம், லட்டும் மிளகும் போக முடியாது. சிங்கப்பூர் பிரிட்டனின் அங்கீகரிக்கப்பட்ட நாடுகள் பட்டியலில் இருக்கிறது. இங்கிருந்து நேரே போனால் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), ரேபிஸ் எனும் வெறிநாய் நோய்த் தடுப்பூசி, 21 நாள் காத்திருப்பு, சுகாதாரச் சான்றிதழ், நாய்க்கு மட்டும் நாடாப்புழு மருந்து, இவ்வளவுதான். தனிமைப்படுத்தல் கிடையாது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அங்கிருந்து வந்தால், தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி 0.5 அலகு அல்லது அதற்கு மேல் இருப்பதை ஆய்வகம் உறுதிசெய்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அக்டோபர் முதல் தேதி ஊசி போட்டாலும் அக்டோபர் கடைசியில் இரத்தம், ஜனவரி கடைசியில் மூன்று மாதம் நிறைவு. உங்கள் விமானம் அதற்கு முன்பே. அதுபோக இந்தியாவுக்குள் கொண்டுபோகவே அந்நாட்டு விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், திரும்பக் கிளம்ப இன்னொரு சுற்றுத் தாள். மூன்று வாரப் பொங்கலுக்கு இது தகாது.

பொங்கல் முடிந்து நீங்கள் மதுரையிலிருந்தே லண்டன் பறந்து, இவை இரண்டும் இங்கிருந்து பின்னால் வரட்டும் என்று நினைத்தால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உரிமையாளர் பயணத்துக்கு முன்னோ பின்னோ ஐந்து நாளுக்குள் பிராணி பயணம் செய்தால்தான் அது சொந்த வளர்ப்புப் பிராணியின் பயணமாகக் கணக்கில் வரும். ஆறாம் நாள் என்றால் வணிக இறக்குமதி விதிகள் வந்துவிடும். ஆகவே மதுரை போய்விட்டுச் சிங்கப்பூர் திரும்பி, இங்கிருந்து சேர்ந்து கிளம்புங்கள்.

வருடா வருடம் போட்ட தடுப்பூசியைப் பற்றி. சிங்கப்பூரில் 1953 முதல் ரேபிஸ் இல்லை. அதனால் இங்கே வழக்கமாகப் போடும் வருடாந்திர ஊசியில் ரேபிஸ் சேராது. நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, பூனைக்குப் பூனைக் காய்ச்சல் வகைகள், அவ்வளவே. தடுப்பூசிப் புத்தகத்தில் ஒன்பது வருட ஒட்டுச்சீட்டு இருந்தாலும் அதில் ரேபிஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. சில கிளினிக்குகளில் இந்த ஊசி கையிருப்பில் இருக்காது. முன்கூட்டியே கேட்டு வரவழைக்கச் சொல்லுங்கள்.

ஊசிக்கு முன் சிப். இந்த வரிசை மாறினால் ஊசி செல்லாது, மறுபடி போட்டு மறுபடி 21 நாள். ஒரே நாளில் செய்யலாம், ஆனால் சிப் முதலில். லட்டுக்கு உரிமம் எடுத்தபோதே சிப் இருந்திருக்கும். பூனைகளுக்கு வீவக வீடுகளில் அனுமதியும் உரிமத் திட்டமும் 2024 செப்டம்பர் 1-இல்தான் வந்தன. மிளகுக்குச் சிப் வைத்தாயிற்றா என்று பாருங்கள். இருந்தாலும் போதாது. மருத்துவர் கருவியை வைத்துப் படித்து, திரையில் வரும் எண்ணை நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். 15 இலக்கம் இருந்தால் அது ஐஎஸ்ஓ எனும் அனைத்துலகத் தர சிப். பழைய சிப்புகளில் 9 அல்லது 10 இலக்கம் இருக்கும். பிரிட்டனிலுள்ள கருவி அதைப் படிக்காமல் போகலாம். அப்படியென்றால் புதிய சிப் ஒன்றை வைத்துவிட்டு ரேபிஸ் ஊசி போடுவதே சுலபம். பழையதை எடுக்க வேண்டாம், இரண்டு எண்களையும் சான்றிதழில் எழுதினால் போதும். சிப் தோளுக்கும் முழங்கைக்கும் நகர்ந்துவிடுவது உண்டு, ஆகவே தோள்பட்டை நடுவில் கிடைக்கவில்லை என்றதும் ‘சிப் இல்லை’ என்று முடிவுகட்டாமல் கால்வரை தேடச் சொல்லுங்கள்.

21 நாள் கணக்கில் ஊசி போட்ட நாள் சேராது. மறுநாள்தான் முதல் நாள். உங்களுக்கு நான்கு மாதம் இருக்கும்போது இதெல்லாம் பிரச்சினையே இல்லை, அக்டோபரிலேயே போட்டுவிட்டால். டிசம்பர் கடைசிவரை தள்ளிவைத்து, அப்போதுதான் சிப் படிக்கவில்லை என்று தெரிந்துகொள்பவர்களுக்குத்தான் விமானம் தவறுகிறது.

கூண்டு விஷயத்தில் பணம் வீணாகிவிட்டது என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது. விமானக் கூண்டின் அளவு ஐயாட்டா எனும் அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி. நாயை நிற்க வைத்து நான்கு அளவு எடுங்கள்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளம், தரையிலிருந்து முன்கால் முழங்கைவரை உயரம், தோள்களின் அகலம், தரையிலிருந்து தலை அல்லது காது நுனி, எது உயரமோ அதுவரை. கூண்டின் உள்நீளம் என்பது முதல் அளவோடு இரண்டாவதில் பாதி. அகலம் என்பது தோள் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு. உயரம் என்பது நிற்கும் உயரத்தோடு படுக்கையின் தடிமன். சப்பை மூக்கு என்றால் எல்லாவற்றையும் 10 சதவீதம் கூட்ட வேண்டும். உதாரணமாக லட்டுவின் நீளம் 48, முழங்கை உயரம் 14, தோள் அகலம் 18 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 55-க்கு 36. பத்து சதவீதம் கூட்டினால் 60.5-க்கு 39.6. நீங்கள் வாங்கிய 58-க்கு 38 அந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது. விற்பவர் போடும் அளவு பல நேரம் வெளியளவு என்பதையும் மறக்க வேண்டாம். அளவு போதாத கூண்டை விமான நிலையச் சரக்குப் பிரிவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த இரவில் வேறு கூண்டு கிடைக்காது.

கதவு உலோகக் கம்பியாக இருக்கட்டும். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் பிளாஸ்டிக் கொக்கியால் அல்லாமல் உலோகத் திருகாணியால் இணைய வேண்டும். நான்கு பக்கமும் காற்றுத் துவாரம் தேவை. சக்கரம் இருந்தால் கழற்ற வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவின் உள்பக்கம் மாட்டியிருந்து, கதவைத் திறக்காமல் வெளியிலிருந்து ஊற்ற முடிய வேண்டும். பூட்டுப் போடாதீர்கள், அவசரத்தில் திறக்க முடியாது. லட்டையும் மிளகையும் ஒரே கூண்டில் வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், வீட்டில் எவ்வளவு ஒட்டுறவாக இருந்தாலும் சரி.

புதுக் கூண்டு வந்த அன்றே கூடத்தில், மின்விசிறி காற்று படும் மூலையில் வையுங்கள். ஒப்படைத்தலில் தொடங்கி, சுமார் 14 மணி நேரப் பறத்தல், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து லட்டு அதற்குள் இருபது மணி நேரத்துக்கு மேல் இருக்கப்போகிறது. முதல் வாரம் மேல்மூடியைக் கழற்றிவிட்டு அடிப்பாகத்தை மட்டும் படுக்கையாகப் போடுங்கள், சாப்பாடு முழுவதும் அதில்தான். இரண்டாம் வாரம் மூடி, ஆனால் கதவு இல்லை. மூன்றாம் வாரம் கதவு. கடித்து மெல்ல ஏதாவது கொடுத்து அரை நிமிடம் மூடி, அது கதவைப் பார்ப்பதற்கு முன் திறந்துவிடுங்கள். பிறகு ஐந்து நிமிடம், அரைமணி, இரண்டு மணி. நவம்பருக்குள் ஓர் இரவு முழுக்க அதில் தூங்க வேண்டும். டிசம்பரில் கூண்டோடு காரில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுங்கள். தள்ளுவண்டியில் வைத்து மின்தூக்கியில் இறக்கி, வெற்றுத்தளத்தில் கடகடவென்று தள்ளுங்கள். அந்தச் சத்தத்தை முதன்முதலாகச் சாங்கியில் கேட்கக் கூடாது. நடுவே அழுதால் அழும்போது திறக்காதீர்கள், ஒரு கணம் அடங்கியதும் திறங்கள். அடிக்கடி அழுகிறது என்றால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். ஒரு படி பின்னால் போங்கள். மிளகுக்கும் இதே முறை, இன்னும் மெதுவாக. கூண்டுக்குள் அது தானாகப் போய்ச் சுருண்டு படுப்பதைப் பார்க்கும்வரை கதவைத் தொட வேண்டாம்.

கடைசி வாரத்துக்கு வருவோம். வியாழன் இரவு 11 மணிக்கு விமானம், வெள்ளி காலை லண்டன் நேரம் 5 மணிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாடாப்புழு மருந்து, பிராசிகுவான்டல் உள்ளது, லட்டுக்கு இறங்கும் நேரத்துக்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் மருத்துவர் கையால் கொடுக்கப்பட வேண்டும். ஜனவரியில் லண்டன் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். ஆகவே நம் நேரத்துக்கு ஞாயிறு பிற்பகல் 1 மணி முதல் வியாழன் பிற்பகல் 1 மணி வரை. செவ்வாய் காலை போங்கள். திங்கள் காலை கொடுத்தால் விமானம் ஒரு நாள் தாமதமானதும் 120 மணி தாண்டிவிடும், செவ்வாய் கொடுத்தால் தாங்கும். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தேதி ஆகியவற்றோடு மணியும் சான்றிதழில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். மணியை எழுத மறப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. மிளகுக்கு இந்த மருந்து தேவையில்லை.

பிரிட்டனுக்கான சுகாதாரச் சான்றிதழ், அங்கே சேரும் நாளுக்கு முந்தைய 10 நாளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். கிளினிக்கில் நிரப்பியபின் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவான ஏவிஎஸ் அதிகாரி ஒப்பமிட வேண்டும். ஏற்றுமதி உரிமமும் ஏவிஎஸ்-இடம்தான். சந்திப்பு நேரத்தை முன்பே பதிவுசெய்யுங்கள். சிப் எண்ணின் 15 இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபாருங்கள், ஓர் இலக்கம் இடம் மாறினாலும் அது வேறு நாய்.

பிரிட்டன் பக்கத்தில் இன்னொரு விண்ணப்பம் இருக்கிறது: குடிபெயர்வுக்கான வரிவிலக்கு. அதை வாங்காமல் போனால் சரக்காக வரும் உங்கள் நாய்க்கும் பூனைக்கும் மதிப்புப் போட்டு வரி கேட்பார்கள். கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

பயண நாளில் கூண்டை ஒப்படைப்பதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன் சிறிதளவு சாப்பாடு, பிறகு தண்ணீர் மட்டும். தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின இரவே உறைய வைத்து மாட்டினால் வழியில் சிந்தாது, மெல்ல உருகும். கீழே உறிஞ்சும் விரிப்பு, அதன் மேல் நீங்கள் இரண்டு நாள் உடுத்தித் துவைக்காத ஒரு பழைய டி-சட்டை. கழுத்துச் சங்கிலியும் வாய்ப்பூட்டும் கூண்டுக்குள் கூடாது. மிளகுக்கு மட்டும், சோதனைக்காகக் கூண்டைத் திறக்கச் சொன்னால் பிடித்துக்கொள்ள, ஒப்படைக்கும் நிமிடம்வரை மார்புப்பட்டை போட்டு வைத்திருங்கள். பயந்த பூனை சரக்குக் கிடங்கில் ஓடினால் பிடிப்பது எளிதல்ல. லட்டுவின் முடியை ஒரு வாரம் முன் கத்தரித்து முகத்தை ஒதுக்குங்கள், ஆனால் மொட்டை அடிக்காதீர்கள். இறங்கும் இடத்தில் குளிர்காலம்.

ஹீத்ரோவில் விலங்கு வரவேற்பு மையத்தில் சிப்பும் தாள்களும் பார்த்து, சுங்க அனுமதியும் கிடைத்து வெளியே விடச் சில மணி நேரம் ஆகும். மிளகு வழி முழுக்கச் சிறுநீரை அடக்கிக்கொண்டே வரலாம். வீட்டில் முதல் வேலையாக ஒரு சிறிய அறையில் மணல் தட்டை வைத்துவிட்டு, அதன் போக்கில் விடுங்கள். சேர்ந்து 24 மணி நேரம் ஆகியும் சிறுநீர் கழிக்காவிட்டால் அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாலும் அப்படியே. சிப் எண்களை அங்குள்ள பதிவுத்தளம் ஒன்றில் புதிய முகவரியோடு சேர்க்க வேண்டும். நாய்களுக்கு அது ஏற்கெனவே கட்டாயம், இங்கிலாந்தில் பூனைகளுக்கும் 2024 ஜூன் 10 முதல் கட்டாயம். இங்கே உள்ள உரிமப் பதிவில் வெளிநாடு போய்விட்டதை எழுதி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

லட்டுக்கு மாதாமாதம் இதயப்புழு மாத்திரை கொடுத்து வருகிறீர்கள் என்றால், லண்டனில் அந்த நோய் இல்லை என்று உடனே நிறுத்திவிட வேண்டாம். அந்த மாத்திரை வரப்போகும் புழுவைத் தடுப்பதில்லை, கடந்த ஒரு மாதத்தில் கொசு ஏற்றிவிட்ட குஞ்சுப்புழுவைக் கொல்கிறது. சிங்கப்பூரில் கடைசி இரவு கடித்த கொசுவுக்கான மாத்திரை பிப்ரவரியில் லண்டனில் கொடுக்க வேண்டியது. அதை உங்கள் கைப்பையில் எடுத்து வையுங்கள்.